இருபது கஜம்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மேடிசன் நகரிலிருந்து வடமேற்கே 12-ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தால், ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் விஸ்கான்சின் ஆற்றைத் தாண்டி பராபூ குன்றுகளுக்கு வந்துவிடலாம். வழி நெடுக மக்காச்சோளமும் சோயாவும்தான். செப்டம்பரின் முதல் பாதியில் சோளம் ஆளுயரத்தைத் தாண்டி நிற்கிறது. அடி இலைகள் காயத் தொடங்கிவிட்டன. சோயாவில் மஞ்சள் ஏறுகிறது. அறுவடைக்கு இன்னும் சில வாரம் இருக்கிறது. அதற்கு முன்னால், பராபூ இருக்கும் இந்தச் சாக் கவுண்டியில் பல வீடுகளில் வேறொரு வேலை நடக்கும். வில்லை எடுத்துத் துடைப்பார்கள்.

விஸ்கான்சினில் வில்லுக்கான மான் பருவம் செப்டம்பர் 15-ஐ ஒட்டிய சனிக்கிழமை திறந்து ஜனவரி வரை நீள்கிறது. துப்பாக்கிக்கான பெரிய பருவம் நவம்பர் பின்பாதியில் வரும், ஒன்பதே நாள். துப்பாக்கிக்காரருக்கு நாள் குறைவு, எட்டும் தூரம் அதிகம். வில்காரருக்கு நாள் நிறைய உண்டு, தூரம்தான் கிடையாது. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் அவர்கள் செய்யும் ஆயத்தங்கள் எல்லாம் விளங்கிவிடும்.

நான் போனது திறப்புச் சனிக்கு முந்தைய வாரம். மேடிசனில் வேலை பார்க்கும் சித்தி மகன் வீட்டில் தங்கியிருந்தேன். அவனுக்கு வில் சொல்லிக்கொடுப்பவர் பராபூவுக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டில் இருக்கிறார். உயர்நிலைப் பள்ளியில் தச்சு வேலை கற்பித்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டிவிட்டார். அவரைப் பெரியவர் என்றே இங்கு குறிப்பிடுகிறேன். “அண்ணே, மான் அடிக்கிறதைப் பார்க்க நீங்க வரவேண்டாம். அதுக்கு முன்னால அவர் என்னென்ன செய்யறார்னு வந்து பாருங்க” என்று தம்பி சொல்லியிருந்தான். அந்த வாரம் முழுக்க அதைத்தான் பார்த்தேன். வேட்டையைப் பற்றி எனக்கிருந்த எண்ணத்தில் பாதியை அவருடைய பட்டறையில் விட்டுவிட்டு வந்தேன்.

வில் என்றால் இன்றைக்கு அமெரிக்காவில் மூன்று வகை. மிசூரிக்காரரான ஹாலஸ் வில்பர் ஆலன் 1969-இல் காப்புரிமை பெற்ற காம்பவுண்டு வில் ஒன்று. முனைகளில் உருளைகள் இருக்கும். முழுக்க இழுத்த பிறகு எடையில் பெரும்பகுதியை அந்த உருளைகளே தாங்கிக்கொள்ளும். குறி பார்க்க ஊசிகள் உண்டு, நாணை விட விசை உண்டு. அடுத்தது குறுக்குவில். துப்பாக்கி போலத் தோளில் சாத்தி விடுவது. 2014 முதல் விஸ்கான்சினில் எவரும் அதை வேட்டைக்குக் கொண்டுபோகலாம். மூன்றாவதுதான் நெடுவில்லும், முனை எதிர்ப்பக்கம் வளைந்த ரீகர்வ் வில்லும். உருளையும் இல்லை, குறி ஊசியும் இல்லை. நாற்பத்தேழு பவுண்டு இழுத்தால் அந்த நாற்பத்தேழு பவுண்டையும் மூன்று விரலும் முதுகும்தான் தாங்க வேண்டும். பெரியவருடைய வில் இந்த மூன்றாம் வகை. அவரே செய்தது.

அவருடைய பட்டறை வீட்டுக்குப் பின்னால், பழைய மாட்டுத் தொழுவத்தின் ஒரு பகுதியில் இருக்கிறது. உத்தரத்தில் பிளந்த மரக்கட்டைகள் வரிசையாகக் கிடந்தன. இருபுறமும் வெட்டிய முனைகளில் மெழுகு பூசி, ஈரம் மெல்ல வெளியேறும்படி ஆண்டுக்கணக்கில் காயப் போட்டவை. ஓசேஜ் ஆரஞ்சு மரம். டெக்சஸ், ஓக்லஹோமா பக்கம் தானாக வளர்வது. முள்கம்பி வருவதற்கு முன் நடு அமெரிக்க விவசாயிகள் அதை வேலியாக நட்டார்கள். அப்படித்தான் வடக்கே இவ்வளவு தூரம் வந்து சேர்ந்தது. வெட்டிய புதிதில் பளிச்சென்ற மஞ்சள். வெயில் படப் படத் தேன் நிறமாகிப் பிறகு பழுப்பாகும். பெரியவரின் வில் பழுப்பாகிவிட்ட வில்.

ஒரே கட்டையில் செய்யும் வில்லின் உயிர் அதன் முதுகில் இருக்கிறது. இழுப்பவருக்கு எதிர்ப்பக்கமாக இருப்பதுதான் முதுகு. நாணை இழுக்கும்போது நீள்வது அந்தப் பக்கம். அங்கே மரத்தின் ஆண்டு வளையங்களில் ஒன்று, ஒரே ஒன்று, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அறுபடாமல் ஓட வேண்டும். குறுக்கே வெட்டுப்பட்டால் என்றோ ஒரு நாள் வில் அந்த இடத்தில் வெடிக்கும். அதனால் இரு கைப்பிடி வைத்த இழைப்புக் கத்தியால் மேல் வளையத்தைத் தோல் உரிப்பது போல உரித்தெடுத்து, அடுத்த வளையத்தைத் தொடாமல் நிறுத்த வேண்டும். கணு வந்தால் வளையமும் மேடாக ஏறும். கத்தியும் கூடவே ஏற வேண்டும். பாதி செய்திருந்த ஒரு கட்டையை எடுத்து என் கட்டைவிரலை அதன் மேல் வைத்து ஓட்டச் சொன்னார். கணுவிருந்த இடம் சின்ன மேடாகத் தட்டுப்பட்டது. அதைச் சமமாக்க ஒரே ஒரு இழைப்பு போதும், பார்க்க அழகாகவும் இருக்கும், ஆனால் அன்றோடு வில் போச்சு என்றார். மரம் எந்த ஆண்டில் எப்படி வளர்ந்ததோ அதன்படிதான் வில்லும் போக வேண்டும். அந்த வில்லை அரையும் குறையுமாக வளைத்துச் சுவரில் மாட்டி, விறைப்பாக நிற்கும் பக்கத்தை மட்டும் சுரண்டிச் சுரண்டி வில்லின் இரண்டு கைகளும் ஒன்றுபோல வளைய வைப்பதற்கு ஒரு குளிர்காலம் ஆகிறது.

இவரைப் போன்றவர்கள் கையில் இந்த வித்தை எப்படி வந்து சேர்ந்தது என்பதைப் பேசாமல் விட முடியாது. 1911 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊருக்கு வெளியே ஒரு கசாப்புக் கொட்டடியில் பசியோடு ஒரு மனிதர் பிடிபட்டார். யாஹி என்ற பூர்வகுடி இனத்தில் எஞ்சிய கடைசி ஆள். மற்றவர்கள் தங்கம் தேடி வந்தவர்களாலும் குடியேறிகளாலும் கொன்றழிக்கப்பட்டிருந்தார்கள். அவரை சான் பிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்த் தங்க வைத்தார்கள். தன் பெயரை அவர் யாருக்கும் சொல்லவில்லை. இஷி என்று பிறர்தான் அழைத்தார்கள். அங்கே அவருக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர் சாக்ஸ்டன் போப், அவரிடமே மாணவராகி வில் செய்யவும் அம்பு கட்டவும் மான் இருக்கும் காட்டில் நடக்கவும் கற்றுக்கொண்டார். இஷி 1916-இல் காசநோயில் இறந்தார். போப் 1923-இல் வில் வேட்டையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதைப் படித்த தலைமுறைதான் அமெரிக்காவில் வில் வேட்டையை மறுபடி உயிர்ப்பித்தது. பெரியவரின் அலமாரியில் அந்தப் புத்தகத்தின் பழைய பிரதி ஒன்று இருக்கிறது. அதன் பக்கத்தில் இஷியின் படத்தை மாட்டியிருக்கிறார். ஒரு இனத்தையே அழித்துவிட்டு அதில் மிஞ்சிய ஒருவரிடம் பாடம் கேட்ட தேசம் இது. இதை நினைக்காமல் வில்லைத் தொட எனக்கு மனம் வருவதில்லை என்று அவர் சொன்னபோது குரலில் எந்த நாடகமும் இல்லை.

சாக் கவுண்டிக்கும் இந்தக் கதையில் இடமுண்டு. வில்லுக்கென்றே தனியாக ஒரு மான் பருவத்தைச் சட்டப்படி முதலில் அறிவித்த மாநிலம் விஸ்கான்சின். ஆண்டு 1934, இடம் சாக், கொலம்பியா என்ற இரண்டே கவுண்டிகள். 1900 வாக்கில் தெற்கு விஸ்கான்சினில் மான் ஏறக்குறைய அற்றுப்போயிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், திரும்பி வந்துகொண்டிருந்த விலங்கின் மேல் எவ்வளவு தயங்கித் தயங்கி அந்த அனுமதியைக் கொடுத்திருப்பார்கள் என்பது புரியும். முதல் பருவம் என்பதெல்லாம் சட்டப் புத்தகத்தின் கணக்குதான். அதற்கு வெகுகாலம் முன்பே இது ஹோ-சங்க் பூர்வகுடி மக்களின் நிலம். பராபூவுக்குக் கிழக்கே, மனிதனின் வடிவில் அவர்களுடைய முன்னோர் எழுப்பிய இருநூறு அடிக்கு மேல் நீளமான மண்மேடு ஒன்று இன்றும் இருக்கிறது. தலையில் இரண்டு கொம்பு. சாலை போட்டவர்கள் கால்களை வெட்டிவிட்டார்கள். அங்கே இறங்கி நின்று பார்த்துவிட்டுத்தான் பட்டறைக்குப் போகவேண்டும் என்று தம்பி பிடிவாதமாக இருந்தான். நல்ல பிடிவாதம்.

வில் ஆண்டு முழுக்கத் தயாராகவே இருக்கிறது. பருவத்துக்கு முன்னால் வேலை வாங்குவது அம்புதான். பெரியவரின் அம்புத் தண்டு போர்ட் ஆர்ஃபோர்ட் சிடார், ஒரிகன் மாநிலத்தின் தென்மேற்குக் கடற்கரையில் விளைவது. பெட்டியைத் திறந்தால் இஞ்சி நறுக்கியது போல ஒரு காரமான மணம். தண்டை முதலில் கண்ணுக்கு நேரே பிடித்து உருட்டிப் பார்க்கிறார். கோணல் தெரிந்தால் அடுப்பு அனலில் லேசாகக் காட்டி, உள்ளங்கையால் அமுக்கித் தேய்த்து நேராக்குகிறார். அடுத்தது விறைப்பு. எல்லாத் தண்டும் ஒரே அளவு வளைய வேண்டும். நெடுவில்லில் அம்பு வில்லின் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிறது. நாணை விட்டதும் அது நேராகப் போவதில்லை. வளைந்து வில்லைச் சுற்றிக்கொண்டு, மறுபக்கம் வளைந்து, சில கஜ தூரத்துக்குள் ஆட்டம் அடங்கி நேராகிறது. தண்டு அளவுக்கு மீறி விறைப்பாக இருந்தால் ஒரு பக்கம் விலகும், தளர்வாக இருந்தால் மறுபக்கம். குறி ஊசி வைத்த வில்லில் ஊசியை நகர்த்தினால் சரியாகிவிடும் விஷயம் இது. இங்கே நகர்த்த ஊசி இல்லை. அம்பைத்தான் மாற்ற வேண்டும்.

இறகு வான்கோழியின் சிறகிலிருந்து. இடது சிறகு இறகுக்கு ஒரு பக்கச் சாய்வு, வலது சிறகுக்கு எதிர்ப்பக்கச் சாய்வு. ஒரே அம்பில் இரண்டையும் கலந்தால் பறக்கும்போது ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். பெரியவர் இடது சிறகை மட்டுமே வாங்குகிறார். மூன்று இறகுகளில் வில்லுக்கு வெளிப்பக்கம் நிற்பது வேறு நிறத்தில் இருக்கும். அரையிருட்டில், குனிந்து பார்க்காமல், அம்பை நாணில் சரியாகப் பூட்டுவதற்கு அந்த ஒரு அடையாளம் வேண்டும். முனையோடு சேர்த்து ஒவ்வொரு அம்பையும் சின்னத் தராசில் எடை பார்த்தார். முப்பத்திரண்டு கிராமுக்குச் சற்று மேல். இதைவிட லேசான அம்பு வேகமாகப் போகும், ஆனால் வில் சத்தம் போடும். கனமான அம்பு வில்லின் சக்தியையெல்லாம் வாங்கிக்கொண்டு அமைதியாகக் கிளம்பும் என்றார்.

முனை தீட்டுவதைத்தான் நான் அதிக நேரம் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு அலகு கொண்ட எஃகு முனை, ஒரு இலையின் வடிவம். முதலில் அரம். பிறகு எண்ணெய் விட்ட சாணைக்கல். பிறகு பலகையில் ஒட்டிய தோல் வார். ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் இழுப்பு. தீட்டி முடித்ததும் ஒரு ரப்பர் வளையத்தை எடுத்து இரண்டு விரலில் மாட்டி லேசாக விரித்துப் பிடித்தார். அதிகம் இழுக்கக் கூடாது. இழுத்துப் பிடித்தால் மழுங்கிய கத்தியும் அறுத்துவிடும். தளர்ந்து நிற்கும் ரப்பரின் மேல் முனையை வைத்துத் தள்ளாமல் நகர்த்தினார். ரப்பர் இரண்டாகி விழுந்தது. அடுத்த முனை ரப்பரை வளைத்துக்கொண்டு போனது, அறுக்கவில்லை. எனக்கு அது போதுமான கூராகத்தான் பட்டது, விரலில் வைத்தால் ரத்தம் வந்திருக்கும். அவர் மறுபடி அரத்துக்குப் போனார்.

துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியால் வீழ்த்துகிறது. அம்புக்கு அந்தப் பலம் இல்லை. அது ரத்தக் குழாயை அறுத்துத்தான் கொல்ல முடியும். நுரையீரல் இரண்டையும் கூரான அலகு அறுத்துக்கொண்டு போனால் மான் சில விநாடிகள் ஓடி, பார்வை எட்டும் தூரத்திலேயே விழுந்துவிடும். அலகு மழுங்கியிருந்தால் குழாய் விலகிக்கொடுக்கும், ரத்தம் சீக்கிரம் உறையும், மான் நாள்கணக்கில் துன்பப்படும். அம்பின் அலகு நன்றாகத் தீட்டியிருக்க வேண்டும் என்பதும், மானுக்குப் பயன்படுத்தும் வில் முப்பது பவுண்டுக்குக் குறையக் கூடாது என்பதும் விஸ்கான்சினில் சட்டமாகவே இருக்கிறது. தீட்டுகிற கைக்குத்தான் அந்தச் சட்டத்தின் காரணம் முழுதாகத் தெரியும்.

மாலையில் பயிற்சி. மேய்ச்சல் நிலத்தின் ஓரம் ரப்பர் நுரையில் செய்த மான் உருவம் ஒன்று நிற்கிறது. அதன் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, நெஞ்சின் மேல், சாப்பாட்டுக்கு வைக்கும் காகிதத் தட்டை முள்ளால் குத்தி நிறுத்தினார். வெண்வால் மானின் இதயமும் நுரையீரலும் அடங்கும் இடம் ஏறக்குறைய அந்தத் தட்டின் அகலம்தான், எட்டு ஒன்பது அங்குலம். எந்தத் தூரம் வரைக்கும் எல்லா அம்பும் தட்டுக்குள் விழுகிறதோ அதுவே உன் தூரம். ஒன்று வெளியே போனாலும் முன்னால் வந்து நில் என்பது அவர் பாடம். தம்பி பதினைந்து கஜத்தில் நின்றான். பெரியவர் இருபதில்.

கோடை முழுக்கக் கணக்கில்லாமல் அம்பு விட்டவர்கள் கடைசி வாரத்தில் முறையை மாற்றிக்கொள்கிறார்கள். காலையில் உடம்பு சூடேறும் முன்பே, ஒரு அம்பு. அதோடு அன்றைய பயிற்சி முடிந்தது. காட்டில் இரண்டாவது அம்புக்கு வாய்ப்பு வராது. அதனால் முதல் அம்பைத்தான் பழக வேண்டும். வேட்டைக்குப் போடும் தடித்த சட்டையைப் போட்டுக்கொண்டு விடுகிறார், கையில் நாண் உரசுகிறதா என்று பார்க்க. முக்காலியில் உட்கார்ந்து விடுகிறார், முழங்காலிட்டு விடுகிறார். நாணின் இரண்டு முனைக்கருகிலும் நீர்நாய் போன்ற பீவரின் மென்முடிப் பட்டையைச் சுற்றியிருக்கிறார். நாண் அதிரும் ஓசையை அது விழுங்கும். நாணுக்கும் பிடிக்கும் நடுவே ஏழு அங்குலம் இருக்கிறதா என்று குச்சியால் அளந்து, குறைந்திருந்ததால் நாணைக் கழற்றி சில முறுக்கு ஏற்றினார். மறுபடி விட்டபோது ஓசை எனக்கே வித்தியாசமாகக் கேட்டது. டங்கென்ற அதிர்வு போய், மெத்தென்று ஒரு தட்டல்.

ஓசைக்கு இவ்வளவு பாடுபடுவது ஏன் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. இந்த வில்லின் அம்பு விநாடிக்கு ஏறக்குறைய 170 அடி போகும். ஓசை விநாடிக்கு 1,100 அடிக்கு மேல். இருபது கஜம் அறுபது அடி. அம்பு அங்கே போய்ச்சேர மூன்றில் ஒரு பங்கு விநாடி ஆகிறது. நாணின் ஓசை அதற்கு வெகு முன்பே மானின் காதுக்குப் போய்விடுகிறது. மிரண்ட மான் பாய்வதற்காக முதலில் உடம்பைத் தாழ்த்தும். இருபது கஜத்தில் அந்தத் தாழ்வு சிறிது. நாற்பது கஜத்தில் அம்புக்கு முக்கால் விநாடி பிடிக்கும். அதற்குள் மான் ஒரு சாண் தாழ்ந்து பாதி திரும்பிவிடும். நெஞ்சைக் குறித்து விட்ட அம்பு முதுகிலோ குடலிலோ பாயும். எய்பவர் எவ்வளவு வல்லவர் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தட்டில் அறுபது கஜத்தில் அடிக்கிற ஆளும் மானை இருபதில் அடிக்க வேண்டும் என்று பெரியவர் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் மீதி வேலை காட்டில். இருபது கஜத்துக்குள் மான் தானாக வர வேண்டும். அதற்கு அது எங்கே தின்கிறது, எந்த வழியாக வருகிறது, காற்று எங்கிருந்து அடிக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தீவனம் வைத்து அழைக்க இங்கே அனுமதி இல்லை. அவருடைய நிலத்தின் பின்னால் இருக்கும் ஓக் காட்டுக்கு நண்பகலில் போனோம். மான்கள் படுத்திருக்கும் நேரம் அது, தொந்தரவு குறைவு. செப்டம்பரில் வெள்ளை ஓக்கின் கொட்டைகள் விழத் தொடங்குகின்றன. சிவப்பு ஓக்கின் கொட்டை துவர்ப்பு கூடியது. மான் அதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு வெள்ளை ஓக்கைத் தேடி வரும். ஒரு கொட்டையை உடைத்துப் பருப்பைக் கொடுத்தார். துவர்ப்புதான், ஆனால் மென்று விழுங்க முடிந்தது. அந்த மரத்தடியில் பாதி தின்ற கொட்டைகளும் புதுப் புழுக்கையும் கிடந்தன.

கொஞ்சம் தள்ளி, கை மொத்தமுள்ள ஒரு இளமரத்தின் பட்டை முழங்கால் உயரத்தில் உரிந்து ஈரம் காயாமல் இருந்தது. ஆண் மான் கொம்பைத் தேய்த்த இடம். கோடை முழுக்கக் கொம்பின் மேல் மூடியிருந்த மென்தோல் ஆகஸ்டு கடைசியில் உரிந்துவிடுகிறது. அதன் பிறகு இப்படித் தேய்ப்புத் தொடங்கும். சிவந்த கோடைத் தோல் மாறிச் சாம்பல் நிறக் குளிர்காலத் தோல் வருவதும் இதே மாதம்தான்.

காற்றைப் பார்க்க அவர் சட்டைப்பையில் வைத்திருந்தது சென்ற ஆண்டின் எருக்கங்காய் போன்ற ஒரு காய். மில்க்வீட் என்பார்கள், எருக்கின் உறவுக்காரச் செடிதான். மோனார்க் பட்டாம்பூச்சியின் புழு இதை மட்டுமே தின்னும். காயிலிருந்து ஒரே ஒரு பஞ்சை எடுத்துக் காற்றில் விட்டார். தோளுயரத்தில் கிழக்கே போன பஞ்சு, ஓடைச் சரிவை நெருங்கியதும் தெற்கே திரும்பிக் கீழே இறங்கி மறைந்தது. மேலே அடிக்கும் காற்று ஒன்று, மரத்தடியில் ஓடும் காற்று வேறு. மாலையில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கும். உட்காருபவரின் வாடையையும் அது இறக்கிக்கொண்டு போகும். அதனால் மான் வரும் வழி கீழே இருந்தால் அந்த இடம் மாலைக்கு ஆகாது. விழுந்து கிடந்த ஒரு பெரிய ஓக்கின் பின்னால் முக்காலி போட இடம் பார்த்தார், வடமேற்குக் காற்றுக்கு. தெற்குக் காற்றுக்கு வேறு இடம். இரண்டும் ஒத்துவராத நாளில் வீட்டிலேயே இருந்துவிடுவாராம். மரத்தின் மேல் பரண் கட்டி உட்காருவதை வயது கருதி விட்டுவிட்டார். மேலே ஏறும் தம்பியிடம் இடுப்பும் தோளும் சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டையைத் தரையிலேயே மாட்டிக் காட்டச் சொன்னார். வேட்டைக்காரர்கள் அடிபடுவதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று மரத்திலிருந்து விழுவது.

பராபூவுக்கு வடகிழக்கே ஆற்றோரம் ஆல்டோ லியோபோல்டின் குடிசை இருக்கிறது. அமெரிக்கச் சூழலியலின் முன்னோடிகளில் அவர் ஒருவர். 1935-இல், மண் வளம் செத்துப் போய்க் கைவிடப்பட்ட பண்ணை ஒன்றை வாங்கி, அதில் மிஞ்சியிருந்த கோழிக் கொட்டகையைக் குடும்பத்தோடு தங்கும் குடிசையாக்கினார். அவரும் வில்காரர் என்பது எனக்கு அங்கே போகும் வரை தெரியாது. மேடிசன் வீட்டின் நிலவறையில் தானே வில்லும் அம்பும் செய்தார். மனைவி எஸ்டெல்லா மாநில அளவில் வில்வித்தைப் போட்டிகளில் வென்றவர். பிள்ளைகளோடு சேர்ந்து அந்த மணல் காட்டில் அவர்கள் நட்ட ஆயிரக்கணக்கான பைன் மரங்கள் இன்று அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் நிற்கின்றன. 1948 ஏப்ரலில் பக்கத்து நிலத்தில் பிடித்த புல் தீயை அணைக்க ஓடியபோது மாரடைப்பில் இறந்தார். அவர் பெயரை நிலைநிறுத்திய புத்தகம் அடுத்த ஆண்டு வெளிவந்தது.

இளம் வயதில் ஓநாயைச் சுட்டவர் அவர். ஓநாய் அற்றுப்போன மலையில் மான் பெருகி, மலையையே மேய்ந்து தீர்ப்பதைப் பின்னாளில் கண்டவரும் அவரே. 1943-இல் விஸ்கான்சினில் பெண் மான்களையும் சுட அனுமதித்தபோது எழுந்த கோபம் அதை ஆதரித்த அவர் மேலும் பாய்ந்தது. மான் மிஞ்சினால் காடு தேயும் என்று அன்று அவர் சொன்னதை இன்று பராபூ காட்டில் நேரில் பார்க்கலாம். மான் எட்டாதபடி கம்பி வேலி போட்ட சிறு சதுரத்துக்குள் ஓக் கன்றுகள் இடுப்பளவு நின்றன. வெளியே தரை வெறிச்சென்று கிடந்தது. இந்த மாநிலத்தில் இன்று பத்து லட்சத்துக்கும் மேல் மான்கள். நெருக்கம் நோயையும் பரப்புகிறது. மூளையை அரித்துக் கொல்லும் தீராத மெலிவு நோய் விஸ்கான்சின் மான்களில் 2002-இல் கண்டறியப்பட்டது; சாக் கவுண்டி அதன் மையப் பகுதிகளில் ஒன்று. தீவனம் வைக்கத் தடை அதனால்தான். மனிதருக்குத் தொற்றியதாகச் சான்று இல்லை. ஆனாலும் மானின் தலையைச் சோதனைப் பெட்டியில் போட்டு, முடிவு வரும் வரை கறியை உறைபெட்டியில் நிறுத்தி வைக்கிறார் பெரியவர். நோய் இருந்தால் தின்னக் கூடாது என்பதே சுகாதாரத் துறையின் அறிவுரை.

நம் ஊரில் மானைக் கொல்வது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அது அப்படியே இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. நம் காடுகளில் புலியும் சிறுத்தையும் செந்நாயும் இன்னும் மிச்சமிருக்கின்றன; மான் அவற்றின் உணவு. விஸ்கான்சினின் தென்பகுதியில் மானைக் கட்டுக்குள் வைக்கும் அந்த வேலையைச் செய்ய இன்று மனிதனை விட்டால் பெரிதாக யாருமில்லை. அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதில்தான் மனிதருக்கு மனிதர் தரம் வேறுபடுகிறது. பெரியவர் சென்ற பருவம் முழுக்க ஒரு அம்பும் விடவில்லை என்று தம்பி சொன்னான். மான் வந்தது, இருபத்தைந்து கஜத்தில் நின்றது, போய்விட்டது. வேட்டைக்காரர் என்ற சொல்லுக்கு நான் வைத்திருந்த பொருளில் இதற்கு இடம் இருந்ததில்லை. நான் பார்த்த ஆயத்தங்களில் மிகப் பெரியது அந்த விடாத அம்புதான் என்பது என் முடிவு.

அமெரிக்காவில் வாழும் நம் பிள்ளைகள் சிலர் இப்போது இந்தப் பக்கம் வருகிறார்கள். அவர்களுக்குச் சில வார்த்தை. விஸ்கான்சினில் 1973 ஜனவரி 1-ஆம் தேதியிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைக் கல்வி வகுப்பை முடித்தால்தான் உரிமம் கிடைக்கும். கடமைக்கு முடிக்காமல் கவனித்துப் படியுங்கள். கனமான வில்லோடு தொடங்காதீர்கள். இருபத்தைந்து, முப்பது பவுண்டில் உடம்பைப் பழக்கிவிட்டு ஏறுங்கள். பக்கத்தில் ஒரு பெரியவரைத் தேடிப் பிடித்து ஒரு குளிர்காலம் அவர் பட்டறையில் உட்காருங்கள். எல்லா அம்பும் காகிதத் தட்டுக்குள் விழும் தூரம் பத்துக் கஜம்தான் என்றால் அந்த ஆண்டு பத்துக் கஜத்துக்கு மேல் நிற்கும் மானை விட்டுவிடுங்கள். வேட்டையில் நாட்டமே இல்லாதவர்களும் செப்டம்பரில் பராபூ பக்கம் போனால் லியோபோல்டின் குடிசையையும் அந்த மண்மேட்டையும் பாருங்கள். நவம்பர் பின்பாதியில் போனால் காட்டுக்குள் நடக்கும்போது பளிச்சென்ற ஆரஞ்சு மேல்சட்டை போட்டுக்கொள்ளுங்கள். அது துப்பாக்கிப் பருவம்.